பாய்க்கு அடியில் இருந்தது

ஃபாலேதூயி, சவாயித் தீவு
9 பிப்ரவரி 2005

தம்பி ஃபெலெத்திக்கு,

ஆண்டவர் இன்னும் எங்கள் வீட்டு மூச்சை நிறுத்தவில்லை. ஆக்லாந்தில் நீயும் உன் மனைவி மேலேவும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உன் அத்தானின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போன வியாழக்கிழமை, ஆப்பியா ஆஸ்பத்திரியில்.

பவளப்பாறை கீறிய சின்னப் புண்தான். ஆறவே இல்லை. ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா, "சக்கரை மாத்திரைய எப்போ நிறுத்துனாரு?" என்று என்னைக் கேட்டார். வெள்ளை ஞாயிறுக்கு மறுநாள் என்றேன். "யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். உன் பெயரை நான் சொல்லவில்லை.

அக்டோபரில், பிள்ளைகள் திருநாளான அந்த வெள்ளை ஞாயிறுக்கு நீ வந்தாய். உன் கம்பெனியின் நுணாச் சாறு நாலு அட்டைப்பெட்டி கொண்டுவந்தாய். நம் கடற்கரையில் விழுந்து நாறுகிற பழம், ஆக்லாந்து போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறதே என்று நான் சிரித்தேன். லேபிளில் நம் மொழியிலேயே "மாத்திரைக்கு ஓய்வு" என்று அச்சடித்திருந்தது. "அத்தான், தினம் ரெண்டு மூடி. ஒரு மாசத்துல மாத்திரைய கடல்ல எறிஞ்சிடலாம்" என்று நீ சொன்னாய். அவர் மாசம் முடியக்கூடக் காத்திருக்கவில்லை, மறுநாளே நிறுத்தினார். மச்சினன் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

பிறகு நீ பதினோரு வீடு ஏறி இறங்கினாய். ஒவ்வொரு வீட்டிலும், "எங்க அக்கா வீட்டுக்காரரே இதத்தான் குடிக்கிறாரு" என்றாய். வாங்கினார்கள். நான் பெண்கள் கமிட்டித் தலைவி. தண்ணீரைக் கொதிக்கவை என்று நான் சொன்னால் இந்த ஊர் கொதிக்கவைக்கும்.

ஒரே கேள்விதான். அது மருந்து இல்லை என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்றை எழுது.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

உன் அக்கா
சினிவா


மாங்கரே, ஆக்லாந்து
21 மார்ச் 2005

என் உயிரான அக்காவுக்கு,

தலோஃபா, வணக்கம். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அத்தானுக்காகச் சபையில் மூன்று ஞாயிறும் ஜெபித்தோம். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஆபீசில் எனக்குப் புதிய பொறுப்பு தந்திருக்கிறார்கள். நம் மக்களிடம் கம்பெனி இழந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்ட வேண்டும். "நம்பிக்கை மீட்பு" என்று பெயர். என் மேலாளர் கிரெய்க் வெள்ளைக்காரர் என்றாலும் நல்ல மனிதர். இனிமேல் நேர்மையான விளம்பரம் மட்டும்தான் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். மாற்றம் உள்ளிருந்துதான் வர வேண்டும், அதற்கு நான் உள்ளே இருக்க வேண்டும் அக்கா.

இங்கே ஒரு நுகர்வோர் அலுவலகம் விசாரணை தொடங்கியிருக்கிறது. அவர்கள் உன்னைத் தேடி வரலாம். நான் வரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

ஒரு வாளி உப்பு மாட்டிறைச்சி கப்பலில் அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்கு என் முத்தங்கள்.

சொய்ஃபுவா அக்கா, நலமாக இரு.

ஃபெலெத்தி


ஃபாலேதூயி
4 ஏப்ரல் 2005

தம்பிக்கு,

மழை நன்றாகப் பெய்கிறது, ஈரப்பலா காய்த்துத் தள்ளுகிறது, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன்.

வாளி வந்தது. அவருக்கு உப்பே ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் போதகர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னை வாயார வாழ்த்தினார்கள்.

"நம்பிக்கை மீட்பு" என்று படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் தம்பி பாதிரியாராயிட்டானா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக உனக்கு நன்றி.

நீ சொன்ன விசாரணைக்காரி வந்தாள். நல்ல பெண், பாயில் ஒழுங்காகக் காலை மடித்து உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் தட்டெழுத்தில் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "நீங்க கையெழுத்துப் போட்டா அவங்க அந்த லேபிள இனிமே ஒட்டவே முடியாதும்மா. மத்த வீட்டுக்காரங்க யாரும் முன்னால வர மாட்டேங்கிறாங்க" என்றாள். காகிதம் பைபிளுக்குள் இருக்கிறது. நீ கேட்டுக்கொண்டதால் காத்திருக்கிறேன். தம்பி அக்காளுக்குக் கட்டுப்பட்டவன் என்று ஊர் சொல்லும். இங்கே நான் உனக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கேள்வி தபாலில் தொலைந்துவிட்டதா? அது மருந்து இல்லை என்று உனக்குத் தெரியுமா?

ஆண்டவர் உன் வாயைத் திறக்கட்டும்.

உன் அக்கா
சினிவா


மாங்கரே
20 ஏப்ரல் 2005

அன்பு அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க இரவும் பகலும் வேண்டுகிறேன்.

கடிதத்தில் பதில் சொல்கிற விஷயமா இது? நான் நேரில் வருகிறேன். நம் முறைப்படி வருகிறேன். மே ஏழாம் தேதி, விடிவதற்கு முன் உன் வீட்டு முற்றத்தில் பாயைப் போர்த்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு இஃபோங்கா உட்காருவேன். பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். அம்மா பின்னிய பாயைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். கிரெய்க்கும் என்னோடு உட்காருகிறார். வெள்ளைக்காரன் தலைகுனிந்து நம் வீட்டு வாசலில் உட்காருவது சின்ன விஷயமா அக்கா?

நீங்கள் பாயைத் தூக்கி மன்னிக்கலாம், தூக்காமலும் போகலாம். அது உங்கள் உரிமை. தூக்காவிட்டால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனிக்காரனாக நான் வரவில்லை. உன் தம்பியாக வருகிறேன். இதில் விளம்பரம் ஒன்றும் கிடையாது, அம்மா மேல் ஆணை.

ஃபெலெத்தி


ஃபாலேதூயி
16 மே 2005

தம்பி ஃபெலெத்திக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தான் அக்குள் கட்டை வைத்துக் கிணற்றடி வரைக்கும் போய்வருகிறார்.

நீ பாய்க்குள் குனிந்திருந்தாய். வெளியே நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

கோழி கூவும்போதே நான் பார்த்துவிட்டேன். முற்றத்தில் அம்மாவின் பாய், ஓரத்துச் சிவப்பு இறகுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உங்களுக்கு முன்னால் விறகும், கல்லும், இலையும். எங்களைச் சுட்டாலும் சம்மதம் என்று அடுப்பையே கையோடு கொண்டுவந்து வைப்பது நம் வழக்கம், அதைக்கூட மறக்காமல் செய்திருந்தாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. படகுத்துறையிலிருந்து உங்களைக் கொண்டுவந்த வண்டி என்று நினைத்தேன்.

உன் அத்தான் சேஃபோ எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவர் குடும்பத்து ஆண்கள் சிலர், "கிடக்கட்டும் விடு, வெயில் ஏறட்டும்" என்றார்கள். நீ சாறு விற்ற வீட்டு லனுவோலா வேலியோரம் நின்று அழுதாள். சேஃபோ சொன்னார்: "அவன் என் மச்சினன். என்னால குனிய முடியாது சினிவா, நீ போய்த் தூக்கு."

நான் வந்து தூக்கினேன். சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். "எழுந்திரு. ஆனா அந்தச் சாற மருந்துன்னு சொல்லி இனி ஒரு வீட்டுக்கும் குடுக்காத." நீ தலையாட்டினாய். கிரெய்க்குக்கு மொழிபெயர்த்தாய், அவரும் தலையாட்டினார்.

பாயைத் தூக்கினால் விஷயம் முடிந்தது. அதை மறுபடி எடுத்து எந்தக் கோர்ட்டிலும் விரிக்க முடியாது, கூடாது. அதனால் விசாரணைக்காரியின் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். நீ கவலைப்படாதே.

தூக்கியபோது ஒன்றைப் பார்த்தேன். அதைப் பற்றி நீயே எழுதுவாய் என்று இருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைத் தாங்குவாராக.

உன் அக்கா
சினிவா


மாங்கரே
2 ஜூன் 2005

தங்கமான அக்காவுக்கு,

வணக்கமும் நன்றியும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, பிள்ளைகளுக்குச் சளி, வேறு குறையில்லை.

என் முதுகிலிருந்து ஒரு மலை இறங்கிவிட்டது. நீ பார்த்தது என் கண்ணீரைத்தான், இல்லையா? மறைக்கத்தான் முயன்றேன். விமானத்திலிருந்து இறங்கும்போது கிரெய்க், "உங்க அக்கா மாதிரி ஆளுங்க இருந்தா எந்தத் தொழிலும் பிழைச்சுக்கும்" என்றார்.

விசாரணையும் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். குடும்பமே மன்னித்துவிட்டது என்று தெரிந்ததும் அவர்களும் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். புது லேபிள் வருகிறது. "மாத்திரைக்கு ஓய்வு" எடுக்கப்படும்.

அத்தானுக்குச் செயற்கைக் கால் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சொய்ஃபுவா.

ஃபெலெத்தி


ஃபாலேதூயி
27 ஜூன் 2005

தம்பிக்கு,

பிள்ளைகளுக்குச் சளி விட்டதா? இஞ்சியும் எலுமிச்சை இலையும் போட்டுக் கொடுக்கச் சொல்.

நான் பார்த்தது கண்ணீர் இல்லை.

இன்னொரு தடவை யோசித்துப் பார். நான் அவசரப்படவில்லை. சேஃபோவிடம்கூட நான் சொல்லவில்லை. நீ முதலில் எனக்குச் சொல்லிவிட்டால், நான் பார்க்காத மாதிரியே இருந்துவிடுவேன்.

உன் அக்கா
சினிவா


ஃபாலேதூயி
3 செப்டம்பர் 2005

ஃபெலெத்தி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. பதில் டி.வி.யில் வந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் கமிட்டிக் கூட்டம் போதகர் வீட்டில். செய்திக்காக டி.வி.யைப் போட்டார்கள். செய்திக்கு முன்னால் நான் வந்தேன்.

என் முற்றம். என் அம்மாவின் பாய். என் கை அதைத் தூக்குகிறது. என் வாய், "எழுந்திரு" என்கிறது. அவ்வளவுதான். அதோடு என்னை நறுக்கிவிட்டீர்கள். "ஆனா" என்று நான் சொன்னதிலிருந்து ஒன்றும் இல்லை. பிறகு பாட்டு, சூரியன், புது லேபிள் ஒட்டிய பாட்டில். "தவறினோம். தலைகுனிந்தோம். மன்னிக்கப்பட்டோம். உங்கள் வீட்டுக்கு மீண்டும் வருகிறோம்." அது உன் குரல். எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் பைபிள் வாசிக்கும்போதும் நீ இப்படித்தான் குரலைக் கனமாக்குவாய்.

அறையில் பதினாலு பெண்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. லனுவோலாதான் கேட்டாள்: "ஏங்க்கா, பாயத் தூக்குறதுக்குத் தனியா ஏதாச்சும் குடுத்தாங்களா?"

எழுந்து அடித்திருப்பேன். ஆனால் அவள் வீட்டிலும் சக்கரை வியாதிக்காரர் உண்டு என்று எனக்குத் தெரியும். உன் விளம்பரம் வந்து பத்து நாளுக்குள் அவள் புருஷன் மறுபடி மாத்திரையை நிறுத்திவிட்டான். "சினிவாவே மன்னிச்சிட்டா, அப்ப சாறு நல்லதாத்தான் இருக்கும்" என்கிறானாம். மூன்று வீட்டில் இதே கதை. நான் போய்ச் சொன்னால், "நீங்கதானே டி.வி.ல சொன்னீங்க" என்று என்னிடமே திருப்புகிறார்கள். தலைவி பொறுப்பை விட்டுவிட்டேன். என் வாய்க்கு மதிப்பில்லாத இடத்தில் நான் எதைச் சொல்லி என்ன?

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாயைத் தூக்கினேன். நீ நிமிர்ந்தாய். உன் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று. அதிலிருந்து ஒரு கம்பி சட்டைக்குள் போயிற்று. மைக். போதகர் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். ரோட்டில் நின்ற வண்டிக்குள் என்ன இருந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் பாய் என் கையில் மேலே போய்விட்டது. தூக்கிய பாயைத் திரும்பப் போட நம்மில் வழியில்லை. அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் கட்டிக்கொண்டு வந்தாய்.

வெளியாள் செய்திருந்தால் வயிறு எரிந்துவிட்டு ஆறியிருக்கும். நீ அம்மா மேல் ஆணையிட்டுச் செய்தாய். அம்மா பாய்க்கு அடியிலேயே வைத்துச் செய்தாய். நாலு மாதம் நான் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி எழுத மாட்டானா என்று. கண்ணீர் என்று எழுதினாய்.

காலுக்காக மன்னித்தது மன்னித்ததுதான். அதிலிருந்து நான் பின்வாங்க மாட்டேன், சேஃபோவும் மாட்டார். ஆனால் அந்தக் கம்பிக்காக யாரும் என் முற்றத்தில் குனியவில்லை. அதற்கு மன்னிப்பும் இல்லை.

பாயைத் திருப்பி அனுப்பலாமென்று எடுத்தேன். கொடுத்த பாயைத் திருப்புவது முறையில்லை என்று இவர் தடுத்துவிட்டார். முறை தெரிந்தவர்களாக நாங்களாவது இருந்துவிட்டுப் போகிறோம்.

சினிவா


மாங்கரே
29 செப்டம்பர் 2005

அக்கா,

உன்னிடம் நலம் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: தெரியும். போன வருஷம் ஜூலையிலேயே பரிசோதனைக் காகிதம் என் மேஜைக்கு வந்தது. புளிப்பை மறைக்கச் சர்க்கரை சேர்த்திருந்தார்கள். சக்கரை வியாதிக்காரர்களுக்கு ஆகாது என்று அதில் எழுதியிருந்தது. "மாத்திரைக்கு ஓய்வு" என்ற வரியை எழுதியவனும் நான்தான். ஆங்கிலத்தில் அப்படிப் போட்டால் கேள்வி வரும், நம் மொழியில் போட்டால் இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது என்று கிரெய்க் சொன்னார். நம் ஆட்களுக்குப் படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் எழுதினேன்.

அத்தான் நிஜமாகவே மாத்திரையை விடுவார் என்று நினைக்கவில்லை என்று எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். நான் சொன்னால் அவர் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

மைக்கை நானேதான் கட்டிக்கொண்டேன். குனிந்து உட்கார்ந்திருந்தபோது நிஜமாகவே அழுதேன். இரண்டும் நிஜம். இதை நீ நம்ப வேண்டுமென்று கேட்கவில்லை.

வெட்டாத முழு வீடியோ நாடாவை விசாரணை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அதில் "ஆனா" என்று நீ சொன்னது தெளிவாக இருக்கிறது. கிரெய்க் பாய்க்குள் நுழையும் முன், "வெளிச்சம் வர எவ்வளவு நேரம்?" என்று கேட்பதும் இருக்கிறது. பரிசோதனைக் காகிதத்தையும் கொடுத்தேன். விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. போகட்டும்.

வெள்ளை ஞாயிறுக்கு வருகிறேன். போதகர் வீட்டில் தங்குகிறேன், உன் வீட்டுக்குள் வர மாட்டேன். திங்கள் காலை முற்றத்தில் உட்காருவேன். பாய் கொண்டுவரப் போவதில்லை. போர்த்திக்கொள்ள எனக்கு இனி எதுவும் இல்லை.

ஃபெலெத்தி


வீட்டுக்குள்ளிருந்து, முற்றத்துக்கு
10 அக்டோபர் 2005, திங்கள்

ஃபெலெத்திக்கு,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய், இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய். நாங்களும் இருக்கிறோம்.

விடியலிலிருந்து உட்கார்ந்திருக்கிறாய். இப்போது வெயில் உன் கழுத்துக்கு வந்துவிட்டது. ஓலைத் திரையை இறக்கிவிட்டு அதன் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வந்து பேசலாம், இருபது அடிதான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அம்மா முகம் ஞாபகம் வரும், வாய் இளகிவிடும். எழுத்து இளகாது.

நீ வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது உன் சட்டைப் பொத்தானை. அங்கே ஒன்றுமில்லை. பார்த்ததற்கு எனக்கே வெட்கமாகப் போயிற்று. இனி நீ எத்தனை தடவை வந்தாலும், அழுதாலும் சிரித்தாலும், என் கண் முதலில் அங்கேதான் போகும். நீ எனக்குச் செய்தது இதுதான். சேஃபோவின் காலைவிட இது பெரிதா சின்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் இல்லாமல் வந்துவிட்டாய். எதைத் தூக்குவது? அப்படியே உட்கார்ந்து வெயிலில் காய்ந்துவிட்டுப் போனால் உன் மனசு லேசாகும். லனுவோலாவின் புருஷனுக்குச் சக்கரை குறையாது. விளம்பரத்தை நிறுத்தியதை யாரும் பார்க்கவில்லை, நிறுத்தியது டி.வி.யில் தெரியாது. அவன் இன்றைக்குக் காலையிலும் இரண்டு மூடி குடித்தான்.

போன வருஷம் இதே நாள் பதினோரு வீடு ஏறினாய். இப்போது அதே பதினோரு வீட்டுக்கும் போ. போதகரைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவர் உனக்காகப் பேசிவிடுவார். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, "எனக்குத் தெரிஞ்சேதான் வித்தேன். எங்க அக்கா சாற மன்னிக்கல. மாத்திரைய எடுங்க" என்று உன் வாயால் சொல். குரலைக் கனமாக்காதே. திட்டினால் கேட்டுக்கொள். கல்லை எடுத்தால் எனக்குத் தெரியாது.

முடித்துவிட்டு வா. திரையைத் தூக்குவேனா என்று இப்போது கேட்காதே. எனக்கே தெரியாது.

இந்தக் கடிதத்தைச் சேஃபோதான் கொண்டுவருகிறார். நான் வேண்டாமென்றேன், கேட்கவில்லை. பதினோரு வீட்டுக்கும் உன்னோடு வருவாராம். "அவன் சொல்லும்போது நான் பக்கத்துல நிக்கணும், அப்பதான் நம்புவாங்க" என்கிறார்.

அவருக்குக் கட்டை இன்னும் சரியாகப் பழகவில்லை. மெதுவாகத்தான் நடப்பார். ஒரு வீட்டுக்குக்கூட அவருக்கு முன்னால் நீ போய்விடாதே.

சினிவா